துண்டு உனக்கு, குழம்பு எனக்கு

மாமா செத்துப்போன செய்தி வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது. கடலூர் கலெக்டர் ஆபீசில் தபால் பிரிவில் இருக்கிறேன். வந்திருந்த கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்த நேரம். மாமாவின் மகன் செந்தமிழ்செல்வன் ஃபோனில், "அத்தாச்சி, அப்பா எறந்துட்டாரு" என்றான். "சரி" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டு மீதியிருந்த கடிதங்களுக்கும் முத்திரை குத்தி முடித்தேன். பக்கத்து சீட்டு ரேகா, "ஃபோன்ல யாருங்க?" என்று கேட்டபோதுதான் கை நின்றது. "எங்க மாமா செத்துட்டாரு" என்றேன். அவள் ஏதோ சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

உடம்புக்கு ஒன்றுமே இல்லாத மனுஷர். அன்று காலை சிதம்பரத்தில் வழக்கமான சலூனுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கன்னத்தை வழித்து முடித்து மறு கன்னத்துக்குத் திருப்பும்போது தலை தானாகவே சாய்ந்திருக்கிறது. தூங்கிவிட்டார் என்று நினைத்து சலூன்காரர் கொஞ்ச நேரம் காத்திருந்தாராம். நான் போய்ச் சேர்ந்தபோது மாமா கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பக்கம் மழமழவென்றும் மறுபக்கம் நரைமுடியோடும் படுத்திருந்தார். சாயங்காலம் அந்த சலூன்காரரே கத்தியும் சோப்புமாக வந்து, கண்ணாடியைத் திறக்கச் சொல்லி, அழுதுகொண்டே மறுபக்கத்தையும் வழித்துவிட்டுப் போனார். அவருக்காவது செய்ய ஒரு வேலை இருந்தது. நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மாமா மேல் கோபம் கோபமாக வந்தது. சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிற பழக்கம் அவருக்கு என்றைக்குமே கிடையாது.

பொன்னுரங்கம் மாமா என் அம்மாவின் தம்பி. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர்டானவர். நெல்லிக்குப்பத்தில் என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டில் இனிமேல் இருக்க முடியாது என்று ஆனபோது, அம்மா இங்கே கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மாமா டூட்டி முடிந்து காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் நேராக நெல்லிக்குப்பம் வந்தார். வாசலில் நின்றபடியே, "பவானி, துணிமணிய எடுத்துக்க, கெளம்பு" என்றார். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்து, "எறங்குற எடம் வந்தா நான் சொல்றேன், நீ தூங்கு" என்றார். தூங்கினேன். அப்படித் தூங்கி எனக்கு ரொம்ப நாளாகியிருந்தது.

பிறகு அம்மாவும் நானுமாக இருந்தோம். அம்மாவும் போன பிறகு எனக்கு அடுப்பு பற்றவைக்கக் கை வரவில்லை. ஒரு ஆளுக்கு என்ன சமையல்? காலையில் டீ, மத்தியானம் ஆபீஸ் கேன்டீன், ராத்திரிக்கு பன். ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது, படுத்தே கிடப்பேன். கல்யாணம், காதுகுத்து என்று சொந்தக்காரர்கள் வீட்டுப் பக்கம் போவதை அதற்கு முன்பே விட்டிருந்தேன். போனால் நெல்லிக்குப்பத்தைப் பற்றித்தான் கேட்பார்கள்.

அப்படிப் படுத்துக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். சமையல்கட்டுக்குள் போய் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். கவிழ்த்து வைத்த சட்டிகள் மேல் தூசி படிந்திருந்தது. வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் முதுநகர் மார்க்கெட்டிலிருந்து சங்கரா மீன்.

"உங்கம்மா கைப்பக்குவம் உனக்குத்தான் வந்துருக்கு. எனக்கு ஒரு மீன் கொழம்பு வெச்சிக் குடு பவானி. நாக்கு செத்துக் கெடக்கு."

"ஏன், அத்த வெக்கமாட்டாங்களா?"

"உங்க அத்த வெக்கிற கொழம்பா? அத வாயில வெக்க முடியுமா?" என்று சிரித்தார்.

வேண்டாவெறுப்பாகத்தான் வைத்தேன். புளி ஜாஸ்தி, உப்பு குறைச்சல். மாமா சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, திரும்பவும் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டார். ஆனால் மீன் துண்டுகளை எல்லாம் என் தட்டில் தள்ளினார். "துண்டு உனக்கு, கொழம்பு எனக்கு. முள்ளு எடுக்க கண்ணு தெரியல" என்றார். தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டை நமக்கு முன்பே படித்துவிடுகிறவர் அவர். சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். என் தட்டு காலியாகாமல் அவரும் எழுந்திருக்கவில்லை. அதற்காகவே சாப்பிட்டேன்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறியதில்லை. மழை பெய்தாலும் வருவார், புயல் எச்சரிக்கை என்றாலும் வருவார். காலையில் நான் முதுநகர் போய் மீன் வாங்கி வந்து, மசாலா அரைத்துக் குழம்பை இறக்கும் நேரத்துக்கு வாசலில் செருப்பு விடுகிற சத்தம் கேட்கும். எப்போதும் குழம்புதான் அவருக்கு, துண்டெல்லாம் எனக்கு. சாப்பிட்டு முடித்ததும் சோப்புப் போட்டு ரொம்ப நேரம் கை கழுவுவார், வெற்றிலை போடுவார், கிளம்பிவிடுவார். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம். ஞாயிற்றுக்கிழமைக்கென்று வாங்கிய வெங்காயமும் தக்காளியும் மிச்சமிருக்கிறதே என்று திங்கட்கிழமையும் சமைக்க ஆரம்பித்தேன். பிறகு செவ்வாய்க்கிழமையும். அவருக்குச் சோறு போடுகிறேன் என்ற ஒரு பெருமை எனக்கு இருந்தது. என் வாழ்க்கையில் அப்போது பெருமைப்பட வேறு எதுவும் இல்லை.

மாமா போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்பு பற்றவைக்கவில்லை. பழையபடி பன்.

எங்கள் பக்கத்தில் கருமகாரியத்துக்கு முந்தின சாயங்காலம், செத்தவரின் படத்துக்கு முன்னால் இலை போட்டு அவருக்குப் பிடித்ததை எல்லாம் வைத்துப் படைப்போம். பிடித்தது ஒன்று விட்டுப்போனால் ஆள் பசியோடு போவார் என்பார்கள். பீடிக்கட்டும் பிராந்தி பாட்டிலும் வைத்த இலைகளை நான் பார்த்திருக்கிறேன். மாமாவுக்குக் காரியம் திங்கட்கிழமை என்று குறித்தார்கள். அப்படியென்றால் படையல் ஞாயிற்றுக்கிழமை. என்னை யாரும் எதுவும் கொண்டுவரச் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன? வாராவாரம் அந்த மனுஷர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது என் கைக் குழம்பு. அது அவர் இலையில் இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். மற்றதை யார் எப்படிச் செய்தாலும் எனக்குக் கவலையில்லை.

காலையில் மார்க்கெட்டுக்குப் போனேன். எப்போதும் மீன் ஆய்ந்து தருகிற விருத்தாம்பாள், "என்னாம்மா, ஆளயே காணும். இன்னிக்கு மாமா வர்றாரா?" என்று கேட்டாள்.

"வர்றாரு" என்றேன். உண்மையைச் சொல்லி, அவள் அழ, அவளை நான் தேற்ற, அவ்வளவுக்கு எனக்குத் தெம்பில்லை. "அவருக்குன்னு சொல்லு" என்று கூடுதலாக ஒரு மீனைப் போட்டு ஆய்ந்து கொடுத்தாள்.

குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றி, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்தேன். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் பஸ் முழுக்க வாசனை. முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர், "யக்கா, பசி நேரத்துல இப்படிப் பண்றீங்களே" என்றார். வேறு நாளாக இருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். புதுச்சத்திரம் போனது, முட்லூர் போனது. கண் சொக்கியது. ஆனாலும் தூங்கவில்லை. இறங்குகிற இடம் வந்தால் சொல்வதற்கு ஆள் இல்லை.

மாமா வீட்டுச் சந்தில் பந்தல் போட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தார்கள். கூடத்தில் மாலை போட்ட படம். அதற்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்தபடி லோகநாயகி அத்தை உட்கார்ந்திருந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது. இலையில் சாம்பார், உருளைக்கிழங்கு, வடை, பாயசம், அதிரசம். ஓரமாக வெற்றிலையும் மாமாவின் பழைய விசிலும். உட்கார்ந்து தூக்குவாளியின் துணியை அவிழ்த்து மூடியைத் திறந்தேன்.

"என்னா அது?" என்றார் சடையப்பன். அத்தையின் அண்ணன், கிள்ளை ஊர்க்காரர். வீட்டில் எல்லாவற்றையும் அவர்தான் முன்னால் நின்று நடத்திக்கொண்டிருந்தார்.

"மீன் கொழம்பு பெரியப்பா. மாமாவுக்கு."

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மீனா? உனக்கு அறிவு கிறிவு இருக்கா? யாரு எலையில என்னாத்தக் கொண்டாந்து வெக்கிற?"

நான் புரியாமல் பார்த்தேன். செந்தமிழ்செல்வன் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னான்: "அத்தாச்சி, அப்பா கவுச்சிய வுட்டு நாலு வருஷமாச்சி. உங்களுக்குத் தெரியாதா?"

நாலு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு பைக் விபத்து நடந்தது எனக்குத் தெரியும். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பிழைப்பானா என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தெரியாது. சடையப்பன் பெரியப்பா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பெத்த புள்ள உசுருக்காக திருவந்திபுரம் பெருமாளுக்கு மொட்ட போட்டு, இந்தக் கட்ட வேவுற வரைக்கும் கவுச்சி தொடமாட்டேன்னு வேண்டிக்கிட்ட மனுஷன் எங்க மச்சான். இந்த நாலு வருஷத்துல ஒரு கருவாட்டுத் துண்டத் தொட்டுருப்பாரா? போற நேரத்துல அவரு வேண்டுதலக் கெடுக்க வந்துருக்கா பாரு."

நாலு வருஷம். அம்மா போய், மாமா என் வீட்டுக்கு வர ஆரம்பித்தது அதற்கும் பிறகு. அப்படியென்றால் அத்தனை ஞாயிற்றுக்கிழமையும்!

எனக்கு வாய் துடித்தது. 'உங்க மச்சான் வாராவாரம் எங்க சாப்ட்டாரு, என்னா சாப்ட்டாருன்னு தெரியுமா?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பெரியப்பா வாயை மூடிக்கொள்வார். என்னை அறிவில்லாதவள் என்று பார்க்கிற இத்தனை கண்ணும் கீழே போகும். அவர் நாக்குக்குத் தெரிந்த குழம்பு அவர் இலைக்கு வந்துவிடும். ஆனால் செந்தமிழ்செல்வன் எதிரில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே கம்பி வைத்த கால் இன்னமும் லேசாக இழுக்கிறது. அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டுதல் உடைந்துபோனது என்று தெரிந்தால், நல்லா இருந்த மனுஷர் நாற்காலியில் சாய்ந்ததற்கு அவளுக்குக் காரணம் கிடைத்துவிடும். அதோடு விடுமா? இருக்கிற காலம் முழுக்க மகன் வண்டியை எடுக்கும்போதெல்லாம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"தெரியாது பெரியப்பா. தப்புதான்" என்றேன்.

"நாலு சொந்தத்தோட போக்குவரத்து இருந்தாத்தான தெரியும்."

மூடியை மூடி, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனேன். துவைக்கிற கல் மேல் வாளியை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்த படியில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பசிக்கவும் இல்லை. உள்ளே கற்பூரம் ஏற்றினார்கள், பெண்கள் குரலெடுத்து அழுதார்கள். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. மாமாவுக்குச் சோறு போட்டேன், போட்டேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேனே, பாவத்தையா பிசைந்து போட்டேன்? ஏன் மாமா, வெண்டைக்காய்க் குழம்பு வை என்று கேட்டிருக்கக் கூடாதா? வைத்திருக்க மாட்டேனா?

வைத்திருக்க மாட்டேன். ஓட்டலில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பேன். மீன் என்றதால்தான் எழுந்தேன். சின்ன வயதில் மீன் இல்லாமல் சோற்றில் கை வைக்கமாட்டேன் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

கொல்லைக் கதவு திறந்தது. அத்தைதான். ஒரு கையில் வாழை இலை, மறுகையில் சோற்றுத் தட்டு. சுவரில் தோளை உரசியபடி மெதுவாக நடந்து வந்தாள்.

"அந்த மூடியத் தொற."

"வேணாம் அத்த. நான் தெரியாமத்தான்..."

"அது எனக்குத் தெரியாதா? வேண்டுதலப் பத்தி உன்கிட்ட நான் வாய் தொறக்கக் கூடாதுன்னு சொன்னதே அவருதான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அத்தை கல் மேல் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே பேசினாள். மெதுவான குரல்தான். கூடத்துக்குக் கேட்காது.

"மொத வாரம் வந்த அன்னிக்கே என்கிட்ட சொல்லிட்டாரு. 'லோகு, அந்தப் பொண்ணு வீட்டு அடுப்புல பூன தூங்குது. வேற எதச் சொன்னாலும் அது எழுந்திரிக்காது, அதான் மீனுன்னு கேட்டுட்டேன். கொழம்பு மட்டும்தான் ஊத்திக்கிட்டேன், துண்டத் தொடல'ன்னு சொல்லி அழுவுறாரு. பெருமாள்கிட்டயே சில்லறைக்குப் பேரம் பேசுறாரு பாரு, கண்டக்டர் புத்தி. எனக்குப் பயந்தான். புள்ள அப்பதான் கால ஊனி நடக்கறான். ஆனா போவாதீங்கன்னு சொல்ல வாய் வரல. நீயும் எங்க புள்ளதான."

"அத்த..."

"அதுக்காக நான் ஒண்ணு வேண்டிக்கிட்டேன். அவரு அங்க சாப்புடற நாள்ல நான் பச்சத் தண்ணி பல்லுல படாம இருக்கேன், சாயங்காலம் வெளக்கு ஏத்துனதுக்கு அப்புறந்தான் சாப்பாடுன்னு. அதுக்கு இது சரியாப் போச்சின்னு சாமிகிட்ட சொல்லிட்டேன். அவருக்கே ரொம்ப நாள் தெரியாது. தெரிஞ்சதும் திட்டுனாரு. ஆனா மறுவாரமும் நான்தான் பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு வெரட்டி அனுப்புனேன்."

'இன்னும் கொஞ்சம் ஊத்து பவானி' என்று அவர் கேட்டு, பெருமையோடு நான் ஊற்றிய ஒவ்வொரு கரண்டிக்கும் இங்கே இவள் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் ஒரு நாள்கூட, அத்தை எப்படி இருக்கிறார்கள் என்று ஒழுங்காகக் கேட்டதில்லை. கொண்டுபோய்க் கொடுங்கள் என்று ஒரு பழம் வாங்கி அனுப்பியதில்லை.

"இன்னிக்கும் சாப்புடலியா அத்த?"

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம ஆச்சே. நீ வெச்சி எடுத்தாருவன்னு எனக்குத் தெரியும்."

"முன்னாடியே ஒரு ஃபோன் போட்டு சொல்லியிருந்தா நான் கொண்டாந்துருக்கவே மாட்டேனே. இப்படி எல்லாரு முன்னாடியும்..."

"சொல்லியிருந்தா இன்னிக்கும் நீ அடுப்பு பத்த வெச்சிருக்க மாட்ட" என்றாள். "உள்ள நான் வாயத் தொறந்தா அவரு வெச்சிருந்த பேரு எங்கண்ணன் வாயால ஊர் பூரா நாறிப்போயிரும். அதான் பேசாம இருந்தேன். நீ பேசியிருந்தாலும் உன்னக் குத்தம் சொல்லியிருக்க மாட்டேன். மனசுல வெச்சிக்காத."

தூக்குவாளியைத் திறந்து இலையில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். பிறகு அடியிலிருந்து மீன் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோற்றைச் சுற்றி வைத்தாள். நடுத்துண்டுகளாகப் பார்த்து என் பக்கம் நகர்த்தினாள்.

"அவரு எலையில துண்டு வெச்சி என்னா பண்ண? அவரு எங்க வெப்பாரோ அங்கதான் வெக்கணும். ஒக்காரு. சாப்டு."

"நீங்க?"

"வெளக்கு ஏத்தியாச்சி. உள்ள ரசம் இருக்கு. நீ சாப்ட்டப்புறம் நானும் சாப்புடறேன்."

கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். புளி ஜாஸ்தி. அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மாதிரியே. எங்கேயோ அடைத்துக் கிடந்த அழுகை அப்போதுதான் வந்தது. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு, சத்தம் கூடத்துக்குக் கேட்குமே என்றுகூட நினைக்காமல் அழுதேன். அத்தை தேற்றவில்லை. அழட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆறிப்போவுது, சாப்டு" என்றாள்.

ஒரு துண்டை எடுத்துப் பிட்டேன். முள் எடுக்கக் கண் தெரியவில்லை. அத்தை அதை வாங்கி, முள்ளை எடுத்துவிட்டு, என் சோற்றின் மேல் வைத்தாள்.